உறவினர் ஒப்புதல்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு டேப் வந்த அன்று அதிகமாகக் கத்தியவள் நான்தான். இருபது வருஷமாக வார்டு சிஸ்டராக இருப்பவளிடம் ஒரு கண்ணாடிப் பலகையைக் கொடுத்து, இனிமேல் நோயாளியிடம் காகிதத்தில் கையெழுத்து வாங்காதே, இதில் வாங்கு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஊசி போடவே கை போதவில்லை, இதற்கு வேறு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். சார்ஜ் நானே போட்டுத் தருகிறேன், ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள் அக்கா என்றாள். அவள்தான் பாரதி.

பாண்டிச்சேரியில் புருஷன், பிள்ளைகளோடு இருந்துகொண்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். சொந்த ஊர் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு காலனி. நோயாளிகளின் சம்மதத்தைக் கம்ப்யூட்டரில் வாங்கிப் பத்திரப்படுத்துகிற ஏற்பாட்டை எங்களுக்குச் செய்து கொடுக்க வந்திருந்தாள். அதுவரை எங்களிடம் சம்மதம் என்பது ஒரு இங்கிலீஷ் தாள். அதைப் படிப்பவரும் கிடையாது, படித்துக் காட்டுபவரும் கிடையாது. இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரலால் இடத்தைக் காட்டுவோம். அவர்களும் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற அவசரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தாள் மேல் பாரதிக்கு இருந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி பிறந்தபோது, வேறு ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், அவள் அம்மாவின் பெருவிரலை இழுத்து மையில் அமுக்கி ஒரு தாளில் வைத்துக்கொண்டார்களாம். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கருத்தடை ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்து பல மாசம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்ததாம். இதை முதல் மீட்டிங்கிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அவள் செய்த ஏற்பாடு இதுதான். என்ன நோய், என்ன வைத்தியம், அதனால் என்ன கஷ்டம் வரும் என்று டேப் வாய்விட்டுச் சொல்லும். நோயாளி முழுவதும் கேட்ட பிறகு சம்மதமா இல்லையா என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அது பதிவான பிறகுதான் டாக்டர் எழுதின மருந்து டேப்பில் எங்களுக்குத் திறக்கும், அதற்கு முன்னால் ஏற்ற முடியாது. முதலில் சென்னையில் யாரையோ வைத்துப் பேச வைத்தார்கள். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு கேட்கிற மாதிரி நம் ஜனங்கள் அதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பாரதியே பேசினாள். துணி அடுக்குகிற அறைக்குள் போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொன்றாக. கேட்பவர்கள் பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். சிலர் டேப்புக்குப் பதில் கூடச் சொன்னார்கள்.

கீமோ வார்டில்தான் சண்டை வந்தது. நான் இருக்கிற வார்டு. நாலு கட்டில், காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் போய்விடுவார்கள். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பாறையின் சூடு உள்ளே இறங்குவதுதான் எங்களுக்குத் தெரியும். இந்த வார்டுக்கு வருகிற குடும்பம் எதுவானாலும் என்னிடம் சொல்கிற முதல் வார்த்தை ஒன்றுதான். அவங்களுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர். கட்டி என்பார்கள், புண் என்பார்கள், நோயின் பெயரை மட்டும் நோயாளியின் காதில் விழவிட மாட்டார்கள். பணக்காரன், கூலிக்காரன், எங்கள் ஜைனக் குடும்பங்கள், எல்லோரும் இதில் ஒரே ஜாதி. என் பெரியப்பாவுக்கும் கடைசி வரை வாயுத் தொல்லை என்றுதான் சொன்னோம்.

செவ்வாயும் வெள்ளியும் பாண்டிச்சேரியிலிருந்து வருகிற கேன்சர் டாக்டர் பார்த்திபன் ஒரு பட்டன் கேட்டார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பம் நினைத்தால், மகனோ மகளோ அமுக்கி மருந்தைத் திறந்துகொள்ள ஒரு வழி. பாரதி முடியாது என்றாள். அவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தார். தன் கம்பெனி முதலாளியே போன் செய்தும் அவள் அசையவில்லை. "யார் உடம்பு சார் அது? அவங்களக் கேக்காம திறக்கிற மாதிரி ஒண்ணு நான் செய்யமாட்டேன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்கு அப்போது அவளைப் பிடிக்க ஆரம்பித்தது.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அழுதவர்கள் அழுதார்கள். மயக்கம் போட்டவர்கள் எல்லாம் கூட வந்த மகன்கள்தான், நோயாளிகள் இல்லை. நாங்கள் பயந்த மாதிரி யாரும் கேட்ட உடனே செத்துப் போகவில்லை.

பிறகுதான் பாரதியின் அம்மா மீனம்பாளுக்கு வயிறு வீங்கியது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. சினைப்பையில் கேன்சர், வயிற்றுக்குள் பரவியிருந்ததில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்று எங்கள் வார்டுக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் பாரதியும் அவள் தம்பி செந்தமிழனும் என் வார்டு வாசலில் நின்று வாக்குவாதம் செய்தார்கள். செந்தமிழன் கரெண்டு ஆபீசில் கம்பம் ஏறுகிற வேலை பார்ப்பவன். நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம், அப்படியே இருக்கட்டும் என்றான். பாரதி தன் டேப்பைப் பற்றி ஆரம்பித்தாள். அவன் முழுவதும் கேட்கவில்லை.

"நைனாவுக்குச் சொன்னாங்களே, இன்னா ஆச்சு? செவுத்தப் பாத்துப் படுத்தவரு எழுந்திரிச்சாரா? நீ சொல்லு. உள்ள போயி அம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு பாப்போம்."

அவர்களுடைய அப்பா ஆதிமூலத்துக்குக் கல்லீரல் போய்விட்டது என்று யாரோ ஒரு டாக்டர் வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் படுத்தவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பாரதி உள்ளே போனாள். ரத்தப் பரிசோதனைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் நின்றாள். ஊரில் மழை உண்டா என்று கேட்டாள். தலையணையைச் சரி செய்தாள். வெளியே வந்து, என்னையும் பார்க்காமல் தம்பியையும் பார்க்காமல் படி இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை டேப்பைத் திறந்தேன். கீழே ஒரு புது மஞ்சள் பட்டன் இருந்தது. உறவினர் ஒப்புதல் என்று எழுதியிருந்தது. ஒரு வருஷம் டாக்டர் கெஞ்சியும் வராதது ஒரே ராத்திரியில் வந்திருந்தது. அம்மா ஒருத்திக்காக மட்டும்தான் அக்கா, வேறு யாருக்கும் சொல்லாதீர்கள் என்றாள் பாரதி. செந்தமிழன் அமுக்கினான், மருந்து திறந்தது, மீனம்பாளுக்குச் சத்து மருந்து என்று சொல்லி நான் ஊசியைக் குத்தினேன்.

ஒருத்திக்காக மட்டும் என்று ஒரு பட்டன் உலகத்தில் எங்கே இருக்கிறது? டாக்டர் கண்ணில் அது அன்றைக்கே பட்டுவிட்டது. அடுத்த வாரமே இன்னொரு குடும்பம் கேட்டது, அதற்கடுத்த வாரம் எல்லோரும் கேட்டார்கள். பாரதியின் குரலை வார்டில் யாரும் கேட்பதே நின்றுபோனது. காதில் மாட்டுகிற ஒயரெல்லாம் டிராயரில் தூசி பிடித்துக் கிடந்தன.

மீனம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருத்து ஒடிசலான உடம்பு, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. ஊசி குத்தும்போது என் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கையைத் திருப்பிக் கொடுப்பார். நான் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவள் என்று தெரிந்ததும், மருந்து முடியத் தாமதமானால், போயி துன்னுட்டு வா நயினார் ஊட்டுப் பொண்ணே, நான் எங்கியும் ஓடிட மாட்டேன் என்று கிண்டல் செய்வார். இரண்டாவது தடவை வந்தபோது அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்தார். பையை என்னிடம் நீட்டாமல் கட்டில் மேல் வைத்துவிட்டு, சாப்பிடுவீங்களா என்று கேட்டார். காலனி வீட்டுப் பண்டத்தைத் தொடுவேனா என்றுதான் கேட்கிறார் என்று புரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்றேன். அவரால் உரிக்க முடியவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. படுத்தே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் சொன்னேன். அவர் நம்பினார்.

அதே நாள்தான் தைலம்மாள் வந்தாள். அவலூர்பேட்டையில் ஒரு அரிசி மண்டியில் கூட்டிப் பெருக்குகிறவள். அதே நோய், அதே மருந்து. பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, தனியாக பஸ் பிடித்து வந்திருந்தாள். அவளுக்காக அந்த மஞ்சள் பட்டனை அமுக்க ஒரு ஆள் கிடையாது. யாரும் இல்லாதவளுக்குத்தான் எங்கள் வார்டில் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. காதும் மந்தம். ஒயரை மாட்டினால் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். டாக்டர் அறையில் ஆள் இருந்தது, வேறு இடம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் மீனம்பாள், மருந்துக்கு முன்னால் போடுகிற ஊசியின் அசதியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி டேப்பைத் தைலம்மாளின் மடியில் வைத்தேன்.

"வணக்கங்க. நான் சொல்றத அவசரமில்லாம கேளுங்க" என்று பாரதியின் குரல் ஆரம்பித்தது.

மீனம்பாள் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டியா கண்ணு" என்றார்.

அவர் எழுந்து உட்கார்ந்து மகளைத் தேடினார். டேப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, தைலம்மாளிடம், எம் பொண்ணுதான் பேசுது என்று பெருமையாகச் சொன்னார். தைலம்மாள் தலையாட்டினாள். குரல் தொடர்ந்து சொன்னது. உங்க சினைப்பையில வந்திருக்கிறது கேன்சருங்க. ஆபரேஷன்ல எடுத்தது போக மிச்சத்துக்குத்தான் இந்த மருந்து. ஏறி முடிய ரொம்ப நேரம் ஆவும். முடி மொத்தமா கொட்டும். கை கால் விரல் மரத்துப்போவும்.

மீனம்பாளின் கை தலையில் கட்டியிருந்த துணிக்குப் போனது. பிறகு தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும் சிஸ்டரு. அவங்க முழுசா கேக்கட்டும்" என்றார்.

முழுவதும் கேட்டார்கள், இரண்டு பேரும். எல்லாருக்கும் சரியாவும்னு சொல்ல முடியாது என்பதையும், வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குது, சொன்னா யாரும் கோவிச்சிக்க மாட்டாங்க என்பதையும். தைலம்மாள் சம்மதம் என்றாள். மீனம்பாளிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

சாயங்காலம் ஊசியைக் கழற்றும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரே பேசினார். எனக்கும் அதே மருந்துதானே என்று கேட்டார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லுது பாரு. எனக்குச் சொல்ல அதுக்கு வாய் வரல. எவ்ளோ பயந்து இருக்கும் எம் புள்ள" என்றார்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாரதியிடம் பேசுங்கள், இல்லையென்றால் நான் பேசுகிறேன் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாததால் ரொம்ப அழுத்திப் பிடித்தார். பாரதிக்கு மட்டும் இது தெரியவே கூடாது, தன் குரலைக் கேட்டுத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள், அப்புறம் அந்த மிஷினையே தொடமாட்டாள் என்றார். அவர் செத்த பிறகும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு தடவை அந்த மருந்தை ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் மெலிந்து வந்தார். கால் தரையில் பாவுவது தெரியவில்லை, செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வாய் முழுக்கப் புண். சோற்று வாசனைக்கே குமட்டியது. எனக்காக மட்டும்னா இத்த எப்பவோ நிறுத்தியிருப்பேன் சிஸ்டரு, ஊட்டுல படுத்துக்கினு இருப்பேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். சொன்னால் ஏன் என்று பாரதி கேட்பாளே என்றார். சத்து மருந்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

வேண்டாம் என்று சொல்கிற உரிமையை இந்த ஊருக்கே வாங்கிக் கொடுத்தவளின் அம்மா, அந்த மகளுக்காகவே அதைச் சொல்லாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. பாரதி மேல், செந்தமிழன் மேல், சத்தியம் வாங்கின அந்த அம்மாள் மேல். டாக்டரிடம் போய், இந்த அம்மாவுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை அவர்களையே கேளுங்களேன் என்றேன். குடும்பத்தின் ஒப்புதல் பதிவாகியிருக்கிறதே சிஸ்டர் என்று திரையைக் காட்டினார். பதிவாகித்தான் இருந்தது.

ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருந்தது. வேறு ஒரு மருந்து இருக்கிறது, பெரிதாக எதிர்பார்க்க முடியாது, வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். செந்தமிழன் டியூட்டியிலிருந்து போனில் போடுங்கள் சார் என்று சொல்லிவிட்டான். அமுக்க வேண்டியது பாரதி. வராந்தாவில் நின்றிருந்தாள். டேப்பைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். மஞ்சள் பட்டன் மேல் விரலைக் கொண்டுபோனவள் அமுக்காமல் நின்றாள்.

"அமுக்கு. ஒங்கம்மாவுக்குக் கால் தரையில பாவல, வாய்ல தண்ணி இறங்கல. இத்தன மாசமா யாராவது ஒருத்தர் அவங்கள வேணுமான்னு கேட்டீங்களா? ஒரே ஒரு தடவ கேட்டுட்டு அப்புறம் அமுக்கு" என்றேன். சத்தியத்துக்கு உட்பட்டு எனக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த கட்டிலில் ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றுகிற சாக்கில் நானும் போனேன். மீனம்பாள் படுத்திருந்தார். பாரதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உன்கிட்ட ஒன்று சொல்லவில்லை அம்மா என்று ஆரம்பித்தாள். நூறு பேருக்குச் சொன்ன அதே வார்த்தைகள்தான், ஒன்றும் வரவில்லை. அழுகைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நீர்க்கட்டி இல்லை அம்மா என்றாள். நோயின் பெயரைச் சொன்னாள். மருந்துக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டது என்றாள்.

மீனம்பாள் அப்படியா என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். முதல் முதலாகக் கேட்கிறவளின் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அது தொத்திக்குமா என்று கேட்டார். தொத்தாது என்று பாரதி சொன்னதும், நல்லவேளை, உன் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டேனே என்றார். முடி கொட்டினது அதனால்தானா என்று கேட்டார். அந்தப் பதிலை அவர் எப்போதோ கேட்டிருந்தார், அதே குரலில். மகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பாரதி தேம்பினபோது மரத்துப்போன விரல்களால் அவள் கன்னத்தைத் தடவினார். கண்ணீர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்துத் துடைத்தார்.

புது மருந்து ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள்கிறாயா என்று பாரதி கேட்டாள்.

"வேணாம் கண்ணு. என்னை ஊட்டுக்குக் கூட்டிக்கினு போ" என்றார். அந்தப் பதில் மட்டும் உடனே வந்தது.

அன்றைக்கே கூட்டிப்போனாள். வலிக்கு மாத்திரையும் வாய்ப்புண்ணுக்கு மருந்தும் கொடுத்து அனுப்பினேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஒரு மாசம் இருக்கலாம், அதற்குள் முடிந்துவிட்டது. நான் சாவுக்குப் போனேன். செந்தமிழன் என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

கருமாதி முடிந்து பாரதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மஞ்சள் பட்டனை எடுத்துவிட்டதாக மீட்டிங்கில் சொன்னாள். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மா விஷயத்திலேயே அது நல்லதுதானே செய்தது, தெரியாமல் இருந்ததால்தானே ஆறு தடவையும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள், இவ்வளவு தைரியமான பேஷண்டை நான் பார்த்ததில்லை என்றார். நான் வாயைத் திறந்தால் ஒரே நிமிஷத்தில் அந்தப் பேச்சு முடிந்திருக்கும். திறக்கவில்லை. பட்டன் வேண்டுமென்றால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று பாரதி எழுந்துவிட்டாள். நிர்வாகம் பின்வாங்கியது.

வெளியே வந்து, பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று வார்டு வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அம்மா இவ்வளவு சுலபமாகத் தாங்கிக்கொள்வாள் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே, அந்த மருந்தெல்லாம் ஏற்றியிருக்க வேண்டாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்சம் அடங்கின பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா. அத்தன மாசமும் அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது இல்ல. உடம்புதான் கஷ்டப்பட்டுச்சு. மனசுல பயம் இல்லாம இருந்துச்சு. அந்த ஒரு நிம்மதி போதும் எனக்கு. நீங்கதானே கூட இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க."

"ஆமாம்மா. பயமே இல்லாமதான் இருந்தாங்க" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு படி இறங்கி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்தேன். பிறகு துணி அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மீனம்பாளுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.